காது தெரியுதா தம்பி?

சிறிய ஊரில் போட்டோகிராஃபராக இருப்பதில் ஒரு சங்கடம் உண்டு. பாஸ்போர்ட் போட்டோ எடுப்பவனும் நானே, ஊரின் பழைய தொழில்களை ஆவணப்படுத்துகிறேன் என்று கேமராவோடு அலைபவனும் நானே. முதல் வேலை வாடகை கட்டுகிறது. இரண்டாவதைப் பற்றி வீட்டில் யாரும் பேச்செடுப்பதில்லை.

ஸ்டூடியோ ஸ்டூலில் உட்கார்ந்ததும் எல்லோருக்கும் சிரிப்பு வந்துவிடும். பாஸ்போர்ட் படமோ வாயை மூடு, கண்ணைத் திற, நேராகப் பார், முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாதே என்கிறது. "சிரிக்காதீங்க" என்று சொன்னால் போச்சு, தோள் குலுங்க ஆரம்பித்துவிடும். அதே ஆளை அவர் வேலை செய்கிற இடத்தில் போய்ப் பார்த்து, "நான் இருக்கறதையே மறந்துடுங்க, உங்க வேலையைப் பாருங்க" என்று சொல்லிப் பாருங்கள். கையிலிருப்பதைக் கீழே வைப்பார், எழுந்து நிற்பார், தாடையைத் தூக்கி, இரண்டு காதும் தெரிய, மூச்சைப் பிடித்துக்கொள்வார். எல்லாம் ஸ்டூடியோவில் நான் கொடுத்த பயிற்சி.

கடிகாரம் பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவரை எடுக்க நெடுநாள் ஆசை. சின்னக் கடை. கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு, மேசை விளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில் குனிந்திருப்பார். சுற்றிலும் செத்துப்போன கடிகாரங்களின் குவியல். வெளிச்சம் பக்கவாட்டில் வந்து பாதி முகத்தில் விழும். ஸ்டூடியோவில் குடை, ஸ்டாண்டு எல்லாம் வைத்து மணிக்கணக்கில் மல்லுக்கட்டினாலும் அப்படி ஒரு வெளிச்சம் எனக்கு அமைந்ததில்லை. கேட்டதும் ஒத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை காலை வரச் சொன்னார்.

போனேன். குவியலைக் காணோம். மேசையைக் கழுவித் துடைத்து, கண்ணாடி போட்டு வைத்திருந்தார். மஞ்சள் விளக்கு போய், உத்தரத்தில் புது எல்.இ.டி. டியூப். அது மலிவு ரகம் போல. ஷட்டர் வேகத்தைக் கூட்டினால் படம் முழுக்கப் பட்டை பட்டையாகக் கோடு விழுந்தது. தலைக்குக் கறுப்புச் சாயம். கோட்டு. லென்ஸ் எங்கே என்று கேட்டேன். "அதைப் போட்டா ஒரு கண்ணு பெரிசாத் தெரியும் தம்பி" என்று டிராயரைப் பூட்டினார்.

சுவரில் இருந்த அத்தனை கடிகாரமும் பத்து பத்து காட்டின. விளம்பரங்களில் அப்படித்தானே வைப்பார்கள்? இரண்டு முள்ளும் சமமாக விரிந்திருக்கும், கம்பெனி பெயரும் மறையாது. ஓடிக்கொண்டிருந்தவற்றையும் எனக்காக நிறுத்தி வைத்திருந்தார். கடிகாரம் ஓடவைப்பதையே தொழிலாகக் கொண்ட மனிதர்!

ஆவணப் படம் எடுப்பவன் அங்கே இருக்கிற ஒரு திருகாணியைக்கூட நகர்த்தக்கூடாது என்பது எங்கள் தொழில் தர்மம். எடுக்கப்படுகிறவர் கடையையே நகர்த்தி வைத்தால் என்ன செய்வது என்று தர்மம் எதுவும் சொல்லவில்லை.

சரி, வந்ததற்கு எடுப்போம் என்று கேமராவைத் தூக்கினேன். எழுந்து நின்றார். தாடை உயர்ந்தது.

"காது தெரியுதா தம்பி?"

"தெரியுதுங்க. உட்கார்ந்து வேலை பாருங்களேன்."

"படம் எடுக்கும்போது வேலை பார்த்தா மரியாதையா இருக்குமா?"

அதற்குள் அவர் மனைவி, பேரன், பக்கத்துக் கடைக்காரர்கள், வழியில் போனவர்கள் என்று ஒரு பன்னிரண்டு பேர் வரிசை கட்டிவிட்டார்கள். குரூப் போட்டோவுக்கு ஒரு கணக்கு உண்டு. நிக் ஸ்வென்சன், பியர்ஸ் பார்ன்ஸ் என்று ஆஸ்திரேலியாவில் இரண்டு பேர், யாரும் கண்ணை மூடாத ஒரு படம் கிடைக்க எத்தனை எடுக்கவேண்டும் என்று கணக்குப் போட்டு, 2006-இல் வேடிக்கையான ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசு வாங்கினார்கள். இருபது பேருக்குக் கீழே என்றால், வெளிச்சம் நன்றாக இருந்தால் தலைகளை மூன்றால் வகு, மோசமென்றால் இரண்டால் வகு. எனக்கு ஆறு வந்தது. ஆறும் எடுத்தேன். ஆறிலும் பக்கத்துக் கடைக்காரர் கண்ணை மூடியிருந்தார். கணக்கு தப்பில்லை. அது தற்செயலாக இமைப்பவர்களுக்கான கணக்கு. இவர் ஃப்ளாஷ் வரும்வரை காத்திருந்து இமைக்கிறவர்.

கூட்டம் கலைந்தது. நான் பையைக் கட்டுகிறேன் என்று நினைத்துப் பெரியவர் கோட்டைக் கழற்றினார். அப்போது நின்றுபோன வாட்சோடு ஒரு பெண் அவசரமாக வந்தார். டிராயர் திறந்தது. ஒளித்து வைத்திருந்த மேசை விளக்கு வெளியே வந்தது, லென்ஸ் கண்ணுக்குப் போனது, டியூப் அணைந்தது. வாசற்படியில் நின்றபடியே எடுத்துவிட்டேன். கோட்டு இல்லாத மனிதர், கறுப்புத் தலை, பின்னால் செத்த கடிகாரமெல்லாம் ஒரே நேரம் காட்டுகின்றன. நான் கேட்ட படம் இல்லை, ஆனால் அதைவிட நல்ல படம்.

பிரிண்ட் போட்டுக் கொண்டுபோனேன். மனைவி பார்த்ததும், "அப்படியே இவர்தான்" என்றார். பெரியவர், "இது நான் இல்லை. மூக்கு கோணலா இருக்கு" என்றார். இது எங்களுக்குப் பழகின சண்டை. மனிதன் தன் முகத்தைக் கண்ணாடியில், இடம் வலம் மாறித்தான் தினமும் பார்க்கிறான். மற்றவர்கள் நேராகப் பார்க்கிறார்கள். தனக்குப் பிடிப்பது கண்ணாடி முகம், வேண்டியவர்களுக்குப் பிடிப்பது நேர் முகம் என்று 1977-லேயே ஒரு ஆய்வில் வந்துவிட்டது. விளக்கிச் சொல்லிப் பயனில்லை என்று போனில் படத்தை இடம் வலம் திருப்பிக் காட்டினேன், சும்மா காட்ட மட்டும்.

முகம் மலர்ந்தது. "இதுதான் நான்." போனை இன்னும் கிட்டே கொண்டுபோனார். முகம் சுருங்கியது. "ஏன் தம்பி, எல்லாத்தையும் ஒண்ணு அம்பதுல நிறுத்தி வெச்சிருக்கேனா? நம்பரெல்லாம் திரும்பி நிக்குது. இதை யாராவது பார்த்தா என்கிட்ட வாட்ச் குடுப்பானா?"

கடைசியில் அவர் கடையில் மாட்டியிருப்பது கோட்டுப் படம்தான். பிரேம் போட்டு, இரண்டு காதும் தெரிய. போகும்போதெல்லாம் அதைப் பார்த்து எரிச்சல் வரும். அப்புறம் அமெரிக்காவில் ஆர்கன்சாஸ் மாநிலத்துச் சிறிய ஊர் ஒன்றில் ஸ்டூடியோ வைத்திருந்த மைக் டிஸ்ஃபார்மரை நினைத்துக்கொள்வேன். தன்னைச் சுழற்காற்றுதான் ஒரு குடும்பத்தின் கையில் கொண்டுவந்து போட்டது என்று சொல்லிக்கொண்டு திரிந்த மனிதர். அவர் முன்னால் நின்றவர்களும் பெரும்பாலும் சிரிக்காமல், விறைப்பாகத்தான் நின்றார்கள். 1959-இல் செத்துப்போனார், 1970-களில்தான் உலகம் அந்தப் படங்களைக் கண்டு வியந்தது. வாடகை கேட்கிறவரிடம் இந்தக் கதையைச் சொல்ல முடியாது, அது வேறு விஷயம்.

பட்டியலில் அடுத்து பைக் மெக்கானிக். கிரீஸும் கரியும் படிந்த அந்தச் சுவருக்காகவே போக நினைத்திருந்தேன். நேற்று அவரே போன் செய்தார்.

"தம்பி, ஞாயித்துக்கிழமை வர்றீங்கல்ல? வெள்ளையடிச்சாச்சு. வண்டியையெல்லாம் பக்கத்துல ஒரு வீட்டுல நிறுத்தச் சொல்லிட்டேன், அடைசலா இருக்கக் கூடாதுல்ல. கோட்டு ஒண்ணுதான் கிடைக்கலை. கடிகாரக்காரர்கிட்ட கேட்டுப் பார்க்கறீங்களா?"