சுருண்ட தக்காளி இலையும் ஏமாற்றும் ஜெல்லும்

பங்குனி பிறந்தால் சென்னை மொட்டை மாடித் தக்காளிகளில் கொழுந்து கிண்ணம்போல் சுருண்டு, ஓரம் மஞ்சளாவதைப் பார்க்கலாம். செடியை லேசாகத் தட்டினால் வெள்ளை ஈ பறக்கும். அந்த ஈ பரப்பும் இலைச்சுருள் வைரஸ்தான் காரணம். இதில் பல இனங்கள் உண்டு. அதிகம் ஆராயப்பட்ட புதுடெல்லி இனத்தில் இருப்பது தலா 2,700 எழுத்து நீளமுள்ள இரண்டு டிஎன்ஏ வட்டங்கள், அவ்வளவே.

தன் டிஎன்ஏவைப் படியெடுக்கும் நொதியான பாலிமரேஸ்கூட இந்த வைரஸிடம் கிடையாது. முதிர்ந்த இலைச் செல்லோ பிரிவதை நிறுத்திவிட்டது, அங்கே போய்க் கடன் கேட்கவும் வழியில்லை. அதனால் வைரஸின் ரெப் புரதம், செல் பிரிவுக்குப் பூட்டாக இருக்கும் ரெட்டினோபிளாஸ்டோமா வகைப் புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. பூட்டு கழன்றதும், ஓய்ந்துபோன செல் மறுபடி டிஎன்ஏ படியெடுக்க உதவும் பிசிஎன்ஏ புரதத்தைச் செய்கிறது. செடியும் சும்மா இருப்பதில்லை. எச்சரிக்கை ஹார்மோனான சாலிசிலிக் அமிலம் ஏற, பிஆர்-1, குளுக்கனேஸ், கைட்டினேஸ் போன்ற தற்காப்புப் புரதங்கள் கூடலாம். ஒளிச்சேர்க்கைப் புரதங்கள் பெரும்பாலும் குறையும். மஞ்சள் நிறத்தின் பின்னணியில் அதுவும் உண்டு.

இந்தப் புரத மாற்றங்களை, புரதங்களை எடைவாரியாகப் பிரித்துக்காட்டும் ஜெல்லில் பார்க்க, 1 கிராம் இலையைத் திரவ நைட்ரஜனில் மாவாக அரைத்து, 0.1 கிராம் பிவிபிபி தூள் சேருங்கள். தக்காளி இலையின் பீனால்களை அது பிடித்துவைக்கும். இல்லாவிட்டால் வீழ்படிவு பழுப்பாகிவிடும், கரையாது. 10% டிசிஏ (டிரைக்குளோரோஅசிட்டிக் அமிலம்), 0.07% மெர்காப்டோஎத்தனால் கலந்த குளிர் அசிட்டோன் 10 மில்லி ஊற்றி, மைனஸ் 20 டிகிரியில் ஓர் இரவு வையுங்கள். 4 டிகிரியில் 15,000 ஜி (புவியீர்ப்பின் மடங்கு), 15 நிமிடம் சுழற்றி, பச்சை போகும்வரை குளிர் அசிட்டோனில் கழுவுங்கள். மூன்று முறையாவது வேண்டும். கழுவல் போதாவிட்டால் ஜெல்லில் ஏற்றக் கலக்கும் மாதிரிக் கரைசலின் நீலச் சாயம் மஞ்சளாகிக் காட்டிக்கொடுக்கும்: டிசிஏ மிச்சம் இருக்கிறது. கொஞ்சம் டிரிஸ் காரம் சேர்த்தால் நீலம் திரும்பும்.

வீழ்படிவை 7 மோலார் யூரியா, 2 மோலார் தயோயூரியா, 4% சாப்ஸ் (சோப்பு போன்ற பொருள்) கரைசலில் கரையுங்கள். 37 டிகிரியைத் தாண்டினால் யூரியா சிதைந்து புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். சித்திரையில் ஏசி இல்லாத அறையே அந்த எல்லையைத் தொட்டுவிடும், சூடேற்றும் கருவியே தேவையில்லை. பழக்கதோஷத்தில் கொதிக்கவைத்துவிடாதீர்கள்.

இனிமேல்தான் பலரும் சறுக்குவது. இலையில் கரையும் புரதத்தில் பாதிவரை ரூபிஸ்கோ எனும் ஒளிச்சேர்க்கை நொதிதான். ஜெல்லில் 55 கிலோடால்டனில் கொழுத்த பட்டை, 15 பக்கம் இன்னொன்று. இரண்டு குழியிலும் சமமாக 20 மைக்ரோகிராம் ஏற்றுகிறோம். நல்ல இலையில் 10 ரூபிஸ்கோ, நோய் இலையில் 6 என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி எல்லாம் சேர்ந்து 10-லிருந்து 14 ஆகிறது. இலையில் எதுவும் கூடாமலே 40% 'உயர்வு'! இதைத் தற்காப்பு என்று எழுதிவிடுகிறார்கள். சம எடைப் பச்சை இலைக்குச் சமமான அளவையும் தனியாக ஏற்றிப் பாருங்கள். இரண்டு ஜெல்லிலும் கூடினால்தான் அது கூடியது.

பிஆர்-1 இன்னும் தந்திரக்காரன். அதன் எடையும் 15-ஐ ஒட்டியதுதான், ரூபிஸ்கோவின் சிறு துணை அலகுக்குள் ஒளிந்துகொள்ளும். ஆனால் அது தங்குவது செல்லுக்கு வெளியே. இலையை வெற்றிடத்தில் பஃபரில் ஊறவைத்து, மேற்பரப்பைத் துடைத்து, 1,000 ஜி வேகத்தில் மெல்லச் சுழற்றினால் செல்லுக்கு வெளியே உள்ள சாறு மட்டும் கிடைக்கும். சாறு பச்சையாக வந்தால் செல் உடைந்திருக்கிறது, கொட்டிவிடுங்கள்.

ஒப்பீட்டுச் செடியையும் கவனியுங்கள். வெள்ளை ஈ கடித்தாலே, வைரஸ் இல்லாமலும், தற்காப்புப் புரதங்கள் மாறும். ஆகவே சுத்தமான செடி மட்டும் போதாது. வைரஸ் இல்லாத ஈயை விட்ட செடியும் வேண்டும், அதே வயது, அதே அடுக்கு இலை, அதே நேரப் பறிப்பு. வலை 50 மெஷ் இருக்கட்டும். கொசுவலையில் ஈ புகுந்துவிடும்.

பிசிஎன்ஏவைத் தேடுகிறவர்கள் முழு இலையை அரைக்க வேண்டாம். இந்த வைரஸ் பெரும்பாலும் செடியின் உணவைக் கடத்தும் புளோயம் திசுவில்தான் குடியிருக்கும், மற்ற செல்கள் சேர்ந்தால் சமிக்ஞை நீர்த்துப்போகும். நடுநரம்பையும் காம்பையும் மட்டும் பிளேடால் வெட்டியெடுத்து, ஜெல் சாயத்தை நம்பாமல், குறிப்பிட்ட புரதத்தை ஆன்டிபாடியால் கண்டுபிடிக்கும் வெஸ்டர்ன் பிளாட் போடுங்கள்.