எட்டு நாள் லீவு, ஒரு மலை, இரண்டு கடல்

ஜூன் 7, 2025, சனி

ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறை. செம்பனை ஆலையில் லோரி நிறுக்கும் திம்பாங்கில் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். அதற்குப் பரிகாரமாக, விடுமுறை நாளில் ஏழு மணிக்கெல்லாம் சைக்கிளை எடுத்துவிடுவேன்.

இன்று தாப்பா பட்டணத்தைச் சுற்றிவிட்டு ஒட்டுக்கடைக்கு வந்தால், வாத்தியார் ரொட்டி சானாய்த் தட்டை ஓரம் தள்ளிவிட்டு ஒரு வரைபடத்தை விரித்து வைத்திருந்தார். தமிழ்ப் பள்ளியில் கணக்குச் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். பத்து வருடமாக நானும் அவரும் கேமரன் மலை ரோட்டில் ஜோடியாகத்தான் மிதிக்கிறோம்.

"தம்பி, இந்த வருஷம் ஜப்பான். இலையுதிர் காலத்துல. மலையும் வேணும், கடலும் வேணும்" என்றார். அவர் விரல் ஷிகோகு தீவின் நடுவில் இருந்தது.

இலையுதிர் காலத்துக்கும் நமக்கும் என்ன சார் சம்பந்தம் என்றேன். வாத்தியாருக்குக் கோபம் வந்துவிட்டது. "தோட்டத்துல பிறந்துட்டு இதைக் கேக்கலாமா?" அவர் சொன்னது நியாயம்தான். பிப்ரவரி, மார்ச்சில் பால்மரம், அதாவது ரப்பர் மரம், இலை சிவந்து கொட்டும். அந்த வாரங்களில் பால் குறையும், அம்மாவின் சம்பளம் குறையும், கடைக் கணக்கு ஏறும். சிவந்த இலையைப் பார்க்கக் காசு கொடுத்து விமானம் ஏறுவது அம்மாவுக்குத் தெரிந்தால் சிரித்தே சோர்ந்துபோவார்.

சரி என்று சொல்லிவிட்டேன். மலேசியக் கடப்பிதழுக்கு ஜப்பானில் விசா வேண்டாம். அங்கேயும் நம்மைப் போல இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். இந்த இரண்டும் போதும் என்று அப்போது தோன்றியது.

ஜூன் 22, ஞாயிறு

முதல் சண்டை.

எனக்குக் கடல் வேண்டும். காரணம் சின்னது. நான் வளர்ந்த தோட்டத்திலிருந்து வருடத்துக்கு ஒரு தடவை லோரியில் ஏற்றித் தெலுக் பாத்தேக்குக்குக் கூட்டிப் போவார்கள். கடல் என்றால் எனக்கு வருடத்தில் ஒரு நாள். அதுவும் ஐந்து மணிக்கு விசில் ஊதிவிடுவார்கள்.

ஷிமானாமி கைதோ என்ற சைக்கிள் பாதையைப் பற்றி இந்த வாரம் முழுக்கப் படித்தேன். ஹொன்ஷூவில் ஒனோமிச்சி ஊரில் தொடங்கி, செத்தோ உள்கடலின் ஆறு தீவுகளைத் தாண்டி, ஷிகோகுவின் இமாபாரியில் முடிகிறது. சுமார் 70 கிலோமீட்டர். ஒனோமிச்சியிலிருந்து முதல் தீவுக்கு மட்டும் படகு, சில நிமிடப் பயணம். அப்புறம் எல்லாம் பாலம். வழி தவறாமல் இருக்கச் சாலையோரம் நீலக் கோடு போட்டிருக்கிறார்கள்.

பாலங்களின் விவரம்தான் என்னைக் கட்டிப்போட்டது. கடைசியில் வரும் குருஷிமா நீரிணைப் பாலம், மூன்று தொங்குபாலங்களை வரிசையாகக் கோத்தது. நீளம் 4 கிலோமீட்டருக்கு மேல். 1999-இல் திறந்தபோதே சைக்கிளுக்குத் தனிப் பாதை வைத்துத் திறந்திருக்கிறார்கள். நம் பினாங்குப் பாலத்தில் நானும் வாத்தியாரும் சைக்கிளோடு போய் நின்றால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பார்த்தேன்.

பாலத்தின் கீழே கப்பல் போக வேண்டும், ஆகவே பாலம் உயரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு தீவிலும் வளைந்து வளைந்து ஏறித்தான் அதைப் பிடிக்க வேண்டும். அந்த ஏற்றம் 3 சதவீதச் சரிவுதான். எங்கள் ஊர்க் கால்களுக்கு அது ஏற்றமே இல்லை.

"அப்போ அது எதுக்கு?" என்றார் வாத்தியார். அவருக்கு இஷிசுச்சி வேண்டும். 1,982 மீட்டர், மேற்கு ஜப்பானின் மிக உயரமான மலை. அதன் தோளில் 'யூஎஃப்ஓ லைன்' என்று ஒரு மலைமுகட்டுச் சாலை, 1,300 மீட்டரிலிருந்து 1,700 வரை போகிறது. வழியில் கடை கண்ணி அபூர்வம். வாத்தியாரைப் பொறுத்தவரை அதுதான் அதன் சிறப்பே.

கட்டக் கோட்டு நோட்டில் அவர் போட்ட திட்டத்துக்குப் பதினான்கு நாள் ஆகிறது. என் மேலாளர் எட்டு நாள் கொடுப்பார். ஒன்பது கேட்டால் முகத்தைப் பார்ப்பார்.

ஜூலை 13, ஞாயிறு

லாத்தா இஸ்கந்தார் அருவி வரை ஏறி இறங்கினோம். இந்தத் தடவை இருவர் வண்டியிலும் நான்கு செங்கல். வாத்தியாரின் யோசனை. சாமான் பையோடு ஏறிப் பழக வேண்டுமாம். ரோட்டோரம் பெத்தாய் விற்றுக்கொண்டிருந்த ஓராங் அஸ்லி பழங்குடி அம்மா, செங்கல்லைப் பார்த்துவிட்டு மலையில் வீடு கட்டுகிறீர்களா என்று மலாயில் கேட்டார்.

எனக்கு வலது முட்டி பேசத் தொடங்கிவிட்டது. குற்றம் முட்டியுடையது அல்ல. பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கில், அதாவது கேசட்டில், பெரிய பல்சக்கரம் 34 பல் வேண்டும் என்று ஒரு கடையில் சொல்லி வைத்தேன், பணமும் கட்டினேன். வீட்டுக்கு வந்து எண்ணினால் 28. முன்னால் சின்னச் சக்கரமும் 34 என்பதால், பின்னாலும் 34 இருந்தால் ஒரு மிதிக்கு ஒரு சுற்று. 28 என்றால் ஒரு மிதிக்கு ஒன்றே கால் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவு. சமதரையில் யாருக்கும் தெரியாது. செங்கல்லோடு ஏறும்போது, அந்தக் கால் சுற்று முழுக்க முட்டியில்தான் இறங்குகிறது. கடைக்காரரிடம் போய்க் கேட்டால் "எல்லாம் ஒண்ணுதான் பாஸ்" என்கிறார். பல் எண்ணிக் காட்டிய பிறகு மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். பார்ப்போம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

டிக்கெட் வாங்க உட்கார்ந்தோம். தீபாவளி அக்டோபர் 20. மறுநாளே கிளம்பி, 22-ஆம் தேதி ஒனோமிச்சியில் மிதிக்கத் தொடங்கலாம் என்பது வாத்தியாரின் கணக்கு. இஷிசுச்சி உச்சியில் அக்டோபர் நடுவிலேயே இலை சிவந்துவிடும், தாமதித்தால் கொட்டிவிடும் என்றார்.

தே ஓ கொண்டுவந்த மனைவி, தேதியைக் கேட்டுவிட்டுக் கோப்பையை வைக்காமலே நின்றாள்.

"22-ஆம் தேதி கந்தசஷ்டி ஆரம்பம். 27 சூரசம்ஹாரம். போன வருஷம் ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு, அடுத்த சஷ்டிக்கு ரெண்டு பேரும் ஆறு நாளும் விரதம் இருக்கிறோம்னு வேண்டிக்கிட்டது யாரு?"

நான்தான். வாத்தியார் நோட்டை மூடினார்.

தேதியை அக்டோபர் 29-க்குத் தள்ளினோம். வேலை முடிந்து இரவு விமானம், 30 காலை ஒசாகா. வாத்தியார் அரை மணி நேரம் பேசவில்லை. அப்புறம் அவரே மறுபடி படிக்கத் தொடங்கி, கிளம்பும்போது முகம் மலர்ந்துதான் போனார். இலைச் சிவப்பு ஒரே நாளில் மலை முழுக்க வருவதில்லையாம். குளிர் மேலிருந்து இறங்க இறங்க, நிறமும் உச்சியிலிருந்து பள்ளத்தாக்குக்கு இறங்கி வருகிறது. உச்சியில் தவறவிட்டதை, இரண்டு வாரம் கழித்துக் கீழே பிடிக்கலாம். இஷிசுச்சியின் தெற்குக் காலடியில் ஒமோகோ என்று ஒரு மலையிடுக்கு. பச்சைத் தெளிநீர், வெள்ளைப் பாறை. அங்கே நிறம் வருவது அக்டோபர் கடைசி, நவம்பர் தொடக்கம். முருகன் எங்களைக் கீழே இறக்கிவிட்டார்.

யூஎஃப்ஓ லைனை நோட்டில் அவரே அடித்தார். ஸ்கேல் வைத்து.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

சுதந்திர தினம். பட்டணம் முழுக்கக் கொடி. நாங்கள் சூரியனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

இங்கே வருடம் முழுக்கப் பொழுது சாய்வது ஏழு மணியை ஒட்டித்தான். அந்தக் கணக்கு நம் உடம்பில் ஊறிப்போனது. மாலை ஐந்து என்றால் இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது என்று மனசு தானாகச் சொல்லும். ஷிகோகுவில் நவம்பர் தொடக்கத்தில் ஐந்தேகாலுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். மலையிடுக்கில் அதற்கும் முன்னால் இருட்டும். நான் போட்டிருந்த நாள் கணக்கு முழுவதும் ஏழு மணி மாலையை நம்பிப் போட்டது. எல்லாவற்றையும் மறுபடி எழுதினோம். ஒவ்வொரு நாளும் நான்கு மணிக்குள் விடுதியில் இருக்க வேண்டும். மலைச் சாலைகளில் சுரங்கப்பாதைகளும் அதிகம். பகலிலும் பின்விளக்கு எரிய வேண்டும். ஆளுக்கு இரண்டு வாங்கினோம்.

குளிரும் உண்டு. 100 மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 0.6 பாகை குறையும். இதைக் கணக்கு வாத்தியார் எனக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. தாப்பாவில் வியர்த்து ரிங்லெட்டில் சட்டைப் பொத்தானைப் போடுகிறவன் நான். ஆனால் நமக்குக் குளிர் என்பது ஏறும்போது மட்டும். இறங்கினால் திரும்ப அடுப்படி. அங்கே இறங்கும்போதுதான் காற்று வெட்டும், கீழேயும் அடுப்படி கிடையாது. வாத்தியார் கையுறை வேண்டாம் என்கிறார். விரல் மரத்துப்போனால் பிரேக்கை எதால் பிடிப்பார் என்று கேட்டேன். இரண்டு ஜோடி வாங்கிவிட்டேன்.

செப்டம்பர் 16, செவ்வாய்

மலேசிய தினம். இன்றுதான் திட்டம் ஒரு வடிவத்துக்கு வந்தது, அதுவும் ஜப்பானியர்களின் விடுமுறையால். நவம்பர் 3 அவர்களுக்குப் பண்பாட்டு நாள். இந்த வருடம் திங்களில் விழுகிறது. சனி, ஞாயிறு, திங்கள் என்று மூன்று நாள் லீவு, அதுவும் இலை பார்க்கும் பருவத்தில். மத்சுயாமாவில் தோகோ வெந்நீர் ஊற்றுப் பக்கம் சனி இரவுக்கு எங்கள் வரவுசெலவில் ஓர் அறைகூட இல்லை. 1894-இல் கட்டிய மரக் குளியல் மாளிகையைப் பல வருடம் பழுது பார்த்து, போன வருடம்தான் முழுமையாகத் திறந்திருக்கிறார்கள், கூட்டம் இருக்காதா? ரயில் நிலையப் பக்கம் ஒரு சாதாரண விடுதியைப் பிடித்தோம். குளியலுக்கு மட்டும் மிதித்துப் போய் வரலாம்.

மாறாக, திங்கள் இரவு மலையில் இடம் சுலபமாகக் கிடைத்தது. லீவு முடிந்து எல்லோரும் வீடு திரும்பும் இரவு அது. அந்த ஓட்டையில் நாங்கள் நுழைகிறோம்.

தீவுகளில் ஒரு நாள் தங்க வேண்டும், எலுமிச்சைத் தோப்புகளைப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. அதை விட்டுக்கொடுத்தேன். வெள்ளிக்கிழமையே 70 கிலோமீட்டரையும் முடித்துவிட்டால் லீவுக் கூட்டத்துக்கு முன் பாலங்களைத் தாண்டிவிடலாம். சனி, கடற்கரையோரமாக மத்சுயாமா. ஞாயிறு, 700 மீட்டரைத் தாண்டும் மிசாகா கணவாய் ஏறி குமாகோகென். திங்கள், ஒமோகோ. செவ்வாய், வாத்தியார் சாமானில்லாமல் இஷிசுச்சி ஸ்கைலைன் என்ற மலைச் சாலையில் ஏறுவார்: 18 கிலோமீட்டர், 1,492 மீட்டரில் முடியும். இலை இல்லாத மரம் பார்க்க. நான் ஆற்றில் கால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். புதனும் வியாழனும் நியோதோ ஆற்றோடு இறக்கம். அந்த ஆறு இஷிசுச்சியில் பிறந்து பசிபிக்கில் சேர்கிறது. வியாழன் மாலை கோச்சி, கட்சுராஹாமா கடற்கரை.

ஒரு தீவின் இரவைக் கொடுத்து ஒரு பெருங்கடலை வாங்கியிருக்கிறேன். கோச்சியின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை முந்நூறு வருடத்துக்கு மேல் பழையது. அதற்கு இரண்டு நாள் முன்பே கிளம்பிவிடுகிறோம். அது கொஞ்சம் வலிக்கிறது.

அக்டோபர் 5, ஞாயிறு

புரட்டாசி. சைவம். வாத்தியார் ஆண்டு முழுக்கச் சைவம், அதனால்தான் இந்தத் தலைவலி அவருடையது. ஜப்பானில் காய்கறிச் சாறு மாதிரி தெரிவதிலும் கத்சுவோபுஷி, அதாவது காயவைத்துச் சீவிய சூரை மீன், அடியில் இருக்கும். நம் ஊர் மாசிக் கருவாட்டுக்குச் சொந்தக்காரன். கோச்சியோ அந்த மீனுக்கே பேர்போன ஊர். ஊறுகாய், பருப்புப்பொடி, உடனடி உப்புமா என்று அவர் மனைவி இரண்டு கிலோ கட்டிவிட்டார்.

இன்று குமாகோகென் பற்றிப் படித்துக் காட்டினார். ஷிகோகுவைச் சுற்றி 88 கோயில் யாத்திரை உண்டு, சுமார் 1,200 கிலோமீட்டர். 44, 45-ஆம் கோயில்கள் எங்கள் வழியிலேயே. நடந்து போகிறவர்களுக்கு ஊர்க்காரர்கள் பழமும் தேநீரும் கொடுப்பார்களாம். "தைப்பூசத் தண்ணீர்ப்பந்தல்தான் தம்பி" என்றார். சைவத்துக்கு அங்கே வழி பிறக்கும் என்று நம்புகிறார். நான் பருப்புப்பொடியை நம்புகிறேன்.

கேசட் 34 வந்துவிட்டது. எண்ணிப் பார்த்தேன்.

அக்டோபர் 28, செவ்வாய்

விரதம் நேற்றோடு நிறைவு. ஆறு நாள் ஒரு வேளைச் சாப்பாட்டில் இரண்டரைக் கிலோ இறங்கியிருக்கிறேன். மலையேற இதைவிட மலிவான பயிற்சி கிடையாது.

சைக்கிளைக் கழற்றி அட்டைப்பெட்டியில் அடைத்தோம். ரயிலில் ஏற்ற உறைப்பையும் உள்ளேயே. ஜப்பானில் சைக்கிளை முழுக்க மூடிய பையில் போட்டால்தான் சாதாரண ரயிலில் விடுவார்கள். பெட்டி எத்தனை கிலோ என்று தெரியவில்லை. வீட்டுத் தராசில் வைத்தால் பெட்டி எண்ணை மறைக்கிறது.

மதியம் ஆலைக்குத் தூக்கிக்கொண்டு போய், லோரி இல்லாத நேரமாகப் பார்த்துத் திம்பாங்கின் நடுவில் வைத்தேன். நாற்பது டன் நிறுக்கும் மேடையில் ஒற்றைப் பெட்டி. கண்ணாடிக்குள் என் நாற்காலியில் வாத்தியார்.

"20!" என்று கத்தினார்.

அது பத்துப் பத்தாகத்தான் காட்டும் சார், 24 ஆனாலும் 20 என்றுதான் சொல்லும் என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, தன் பெட்டியையும் மேலே தூக்கி வைக்கச் சொன்னார். வைத்தேன். 50 காட்டியது.

"யாரோடது 30?" என்றார்.

நான் அவருடைய பெட்டியைத் திறந்தேன். உள்ளே, உப்புமா மாவுக்கு அடியில், கையுறை இல்லை. இரண்டு செங்கல் இருந்தது. எடுக்க மறந்துவிட்டாராம்.

பின்னால் ஹாரன் அடித்தது. குலை லோரி ஒன்று மேடைக்காகக் காத்து நின்றது. பெட்டிகளை ஓரமாக இழுத்து வைத்துவிட்டு, வாத்தியாரை எழுப்பி, நாற்காலியில் உட்கார்ந்து அந்த லோரிக்குச் சீட்டு போட்டேன்.

காய்கறிக் கடையில் கொக்கித் தராசு இருக்கிறது. ஆறு மணிக்குப் போக வேண்டும்.