மாமா இலையில் இருந்த பதில்

போன ஞாயிறு கோலாலம்பூர் செந்தூலில் மாமா வீட்டில் சாப்பாடு. மாமா வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போகிறவர். இலையில் சோறு விழுந்ததும் கேட்டார்: "ஏம்மா, நாங்க மெஷினுக்கு வரிசையில காத்துக் கிடக்கிறோம், நீங்க லேப்ல ஈஸ்ட்டை வச்சுக்கிட்டு என்ன செய்றீங்க? அந்தக் காசை ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கக் கூடாதா?"

வேறு யாராவது கேட்டிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். மாமாவின் இடது கையில் ஊசி ஏற்றி ஏற்றி நரம்பு கயிறு மாதிரி புடைத்து நிற்கிறது, அதைப் பார்த்துக்கொண்டு கோபப்பட முடியாது.

பதில் அவர் இலையிலேயே இருந்தது: புழுங்கல் அரிசிச் சோறு.

நூறு வருஷத்துக்கு முன்னால் மலாயாவில் பெரிபெரி என்ற நோய் ஆளைக் கொன்றுகொண்டிருந்தது. கால் மரத்துப்போகும், வீங்கும், கடைசியில் இதயம் நின்றுவிடும். வெள்ளீயச் சுரங்கங்களில் வேலை செய்த, தீட்டிய வெள்ளை அரிசி சாப்பிட்ட சீனர்களுக்குத்தான் அதிகம் வந்தது. புழுங்கல் அரிசி சாப்பிட்ட தமிழர்களுக்கு அது அபூர்வம். காரணம் அரிசிதான் என்று நெகிரி செம்பிலானில் இருந்த டாக்டர் பிராடன் அடித்துச் சொன்னார். கோலாலம்பூரில் டாக்டர் ஃபிளெட்சருக்கு அதில் நம்பிக்கை இல்லை, சோதித்தே பார்த்துவிடலாம் என்று 1905 டிசம்பரில் இங்கிருந்த மனநலக் காப்பகத்து நோயாளிகளை வரிசையாக நிற்கவைத்து எண் கொடுத்தார். ஒற்றைப்படை எண்காரர்களுக்கு சியாம் வெள்ளை அரிசி, இரட்டைப்படைக்கு இந்தியப் புழுங்கல் அரிசி. வெள்ளை அரிசி சாப்பிட்டவர்களில் 18 பேர் பெரிபெரியில் செத்துப்போனார்கள். மற்றப் பக்கத்தில் ஒருவர்கூட இல்லை. சம்மதம் சொல்லும் நிலையில்கூட இல்லாத அந்த 18 பேரை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு கனக்கிறது.

அரிசியை மாற்று என்று சொல்ல அது போதும். ஆனால் ஏன்? வெள்ளை அரிசியில் விஷம் இருக்கிறதா, இல்லை ஏதோ ஒன்று குறைகிறதா என்று ஃபிளெட்சருக்கே தெரியவில்லை. அந்த ஏனுக்குப் பின்னால் போனவர்கள் கோழி வளர்த்தவர்கள். பத்தேவியாவில் (இன்றைய ஜகார்த்தா) டச்சு டாக்டர் ஐக்மன் வைத்திருந்த கோழிகள் வெள்ளைச் சோறு தின்று நடக்க முடியாமல் விழுந்தன, தவிட்டைக் கொடுத்ததும் எழுந்தன. அவருக்குப் பின் வந்த கிரைன்ஸ் 1901-இல், இது விஷமில்லை, ஒரு சத்து இல்லாத குறை என்றார். 1926-இல் யான்சனும் டோனத்தும் அதே ஊரில் அந்தச் சத்தைத் தவிட்டிலிருந்து படிகமாகவே பிரித்தெடுத்தார்கள். அதுதான் தயமின், விட்டமின் பி1. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலிருக்கும் தயமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது, பிறகு ஆலையில் தீட்டினாலும் பெரும்பகுதி தங்கிவிடும். நம் பாட்டிமார் நெல் அவித்தபோது இது யாருக்கும் தெரியாது.

சரி, அது உடம்புக்குள் என்ன செய்கிறது? 1937-இல் லோமானும் ஷூஸ்டரும் கண்டுபிடித்தார்கள்: சர்க்கரையிலிருந்து சக்தி எடுக்கும் என்சைம்களுக்கு, உடம்புக்குள் கொஞ்சம் மாறிய தயமின்தான் துணை. அந்த மாறிய வடிவத்தை அவர்கள் பிரித்தெடுத்தது எதிலிருந்து என்றால், ஈஸ்ட்டிலிருந்து. (இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது, அத்தை திரும்பிப் பார்த்தார்.) குடித்துக் குடித்துச் சாப்பாடே இல்லாமல் வார்டுக்கு வருகிறவருக்கு வெறும் குளுக்கோஸ் மட்டும் ஏற்றக் கூடாது, தயமினும் போகவேண்டும் என்பது ஏன் என்று இன்றைக்கு டாக்டர்களுக்குப் புரிவது அந்த வேலையால்தான்.

"மாமா, டயாலிசிஸ் முடிஞ்சதும் ஒரு விட்டமின் மாத்திரை போடுவீங்களே, அது எதுக்கு?"

"டாக்டர் கொடுத்தாரு, போடுறேன்."

நீரில் கரையும் விட்டமின்கள் அந்த மெஷினில் ரத்தத்திலிருந்து கழிவோடு சேர்ந்து அலசிப் போய்விடும், தயமினும் போகும், அதைத்தான் மாத்திரை ஈடுகட்டுகிறது என்றேன். மெஷின் போதவில்லை என்று அவர் சொல்வது நியாயம், அதற்காக நானும் சேர்ந்து கேட்பேன். ஆனால் கோழிக்கூண்டையும் ஈஸ்ட் குடுவையையும் மூடி அந்தக் காசை எடுக்கலாம் என்பதை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது.

"அப்ப உன் ஈஸ்ட்டில் என்ன மருந்து வரும்?"

"தெரியல மாமா. ஒரு புரோட்டீன் எப்படிச் சுருண்டு மடிஞ்சு உருவம் எடுக்குதுன்னு பார்க்கிறேன், இப்போதைக்கு அவ்வளவுதான்."

அவர் கொஞ்ச நேரம் சோற்றையே பார்த்தார். அப்புறம் அத்தையிடம், இவளுக்கு இன்னும் கொஞ்சம் சோறு போடு என்றார்.