அடித்துவிட்ட வரி

"ஏட்டி, வெளிய தொழில்னு போர்டு மாட்டியிருக்கு. உள்ள வந்தா ஆணியப் புடுங்கிப் புடுங்கிக் குத்தச் சொல்லுதிய. நான் என்ன தச்சாசாரியா?"

பக்கவாத நோயாளியான ஆச்சி ஒருவர் சொன்னது இது. பயிற்சிக்கு வந்திருந்த மாணவி இதை ஓர் எழுத்துகூட மாற்றாமல் சோப் நோட்டின் எஸ் கட்டத்தில் எழுதியிருந்தாள். அந்த வரியைச் சிவப்புப் பேனாவால் அடித்துவிட்டு, "நோயாளிக்குப் பயிற்சியில் ஆர்வம் குறைவு" என்று மேலே எழுதியது நான்தான்.

சோப் நோட் என்ன என்பது ஆக்குபேஷனல் தெரபியில், அதாவது நோயாளியை அன்றாடக் காரியங்களுக்குத் திரும்பப் பழக்குகிற இந்தத் துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும். நோயாளியைப் பற்றி எழுதிவைக்கும் குறிப்பு அது. நான்கு கட்டம். எஸ் கட்டத்தில் நோயாளியோ கூட வந்தவரோ சொன்னது, சொன்னபடியே வர வேண்டும். ஓ கட்டத்தில் நாம் பார்த்தது, அளந்தது, எண்ணியது. ஏ கட்டத்தில் அதற்கு என்ன பொருள் என்ற நம் கணிப்பு. பி கட்டத்தில் அடுத்து செய்யப்போவது. தெரபி உதவியாளர் படிப்பில் சேர்ந்த முதல் சில மாதங்களிலேயே இதைச் சொல்லிக்கொடுத்துவிடுவோம். பிள்ளைகள் அதிகம் தப்பு செய்வதும் எஸ் கட்டத்தில்தான். நோயாளி பேசியதைத் தங்கள் சொல்லில் சுருக்கிவிடுவார்கள். "ஆர்வம் குறைவு" என்பது எந்த நோயாளியின் வாயிலிருந்தும் வராது. அது ஏ கட்டத்துக்குப் போக வேண்டிய சங்கதி, அங்கேயும் அளவு எதுவும் இல்லாமல் எழுதினால் செல்லாது. வேறு யாராவது அப்படி எழுதியிருந்தால் நானே வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

ஆச்சிக்கு வலது பக்கம் பக்கவாதம் வந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. தோள் மூட்டு இறங்கி அரை விரல் அளவுக்கு இடைவெளி. மணிக்கட்டை மடக்கும் தசையில் இறுக்கம் திருத்திய ஆஷ்வொர்த் அளவில் 1+, அதாவது லேசான இறுக்கம். கட்டைவிரல் ஆள்காட்டி விரலின் நுனியைத் தொட்டது, ஆனால் பிடித்த பொருள் நழுவிவிடும். ஒன்பது துளைப் பலகையில் ஒன்பது குச்சியையும் குத்தி எடுக்க முதல் வாரம் 96 விநாடி, மூன்றாவது வாரம் 71. அந்த வயதில் நல்ல கைக்கு ஏறக்குறைய 20 விநாடி போதும். பிளானில் மூன்று இலக்குகள் இருந்தன: வலது கையால் சோறு பிசைந்து உண்பது, நைட்டியைத் தானே போட்டுக்கொள்வது, தண்ணீர் டம்ளரைச் சிந்தாமல் வாய்க்குக் கொண்டுபோவது. எல்லாம் அளக்கக்கூடியவை, எல்லாவற்றுக்கும் தேதி குறித்திருந்தது. அந்த வயது நோயாளி யாருக்கும் பொருந்துகிற பிளான் அது. அதனாலேயே எழுதும்போது நிறைவாக இருந்தது.

அன்று நோட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது நடந்த பேச்சு இவ்வளவுதான்.

"அக்கா, நாளைக்குச் சுளவு குடுத்துப் பாக்கட்டா? எங்கம்மைட்ட இருக்கு, கொண்டாரேன்."

"பிளான்ல இல்லயே."

"சரிக்கா."

சுளவு, அதாவது முறம், என்றதும் எதற்கு என்று அவளும் விளக்கவில்லை, நானும் கேட்கவில்லை. மேலப்பாளையம், முக்கூடல், ஆலங்குளம் பக்கத்திலிருந்து வருகிற பெண்களில் மடியில் சுளவை வைத்துப் பீடி சுற்றிய கை ஏராளம். ஆச்சியின் கையும் அப்படிப்பட்ட கைதான். வந்த முதல் நாளே சொல்லியிருந்தார்: "நாளு தள்ளிப்போச்சுன்னா பீடிக்கடப் புத்தகத்துல பேர அடிச்சிருவாவ." அதை நான் குடும்ப விவரம் என்ற பத்தியில் சேர்த்துவிட்டேன்.

நான் சொன்னது விதிப்படி சரி. உதவியாளர் பயிற்சியில் திரும்பத் திரும்ப ஊட்டப்படுவது இந்த எல்லைதான். முழு மதிப்பீடும் இலக்கும் திட்டமும் தெரபிஸ்டின் பொறுப்பு. நடத்துவது, கவனிப்பது, அளப்பது, மாற்றம் தெரிந்தால் உடனே தெரிவிப்பது உதவியாளரின் வேலை. அமெரிக்காவில் இதற்கென்றே இரண்டாண்டுக் கல்லூரிப் படிப்பு இருக்கிறது. அதில் குறைந்தது 16 வாரம் முழுநேரக் களப்பயிற்சி, அதற்குப் பிறகு தேர்வு, உரிமம். அங்கேயும் எல்லை இதேதான். காரணமும் இருக்கிறது. தோள் இறங்கிய நோயாளியைக் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கக்கூடாது என்பதும், பக்கவாதத்தில் தொடுவுணர்ச்சி போன கையில் வெந்நீர் ஒத்தடம் கூடாது என்பதும் பிறர் பட்ட காயத்திலிருந்து வந்த விதிகள். இருபது வயதுப் பிள்ளை ஆசையில் ஒன்றைச் செய்து, நோயாளிக்கு ஏதாவது ஆகிவிட்டால், கையெழுத்துப் போட்டவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஆனால் அவள் எல்லையை மீறவில்லையே. திட்டத்தை மாற்றும் அதிகாரம் உள்ளவரிடம் வந்து, மாற்றலாமா என்று கேட்டாள். பாடத்தில் இருப்பது அதுதான். அவளுக்கு எல்லை தெரிந்திருந்தது. என் பக்கத்துக் கடமைதான் அந்த மூன்று விநாடியில் விட்டுப்போனது. இலக்கு வரிக்குக் கீழே ஒரு வரி சேர்க்க எனக்கு ஒரு நிமிஷம் ஆகியிருக்கும்.

அதற்குப் பிறகு காரணங்களைத் தேடிக் கண்டுபிடித்தேன். அவை பொய்க் காரணங்கள் இல்லை. புகையிலைத் தூளை அளைந்துகொண்டே இருந்தால் நிக்கோட்டின் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடம்பில் ஏறும். பக்கவாதம் வந்தவருக்குப் புகையிலையைத் தொடாதே என்று ஒரு அறையில் சொல்லிவிட்டு, அடுத்த அறையில் அதையே பயிற்சி என்று கையில் கொடுப்பதா? மருத்துவமனை வாசலில் 2003ஆம் ஆண்டுப் புகையிலைச் சட்டத்தைச் சொல்லிப் பலகை வேறு இருக்கிறது. அடுத்தது உட்காரும் விதம். சுளவை மடியில் வைத்துக் கழுத்தைக் குனிந்து தரையில் உட்கார வேண்டும். தோள் இறங்கியவருக்கு அந்தக் கை தொங்கும். தரையிலிருந்து எழுவது அதைவிடச் சிக்கல்.

இங்கே ஒரு புலம்பல். எங்கள் வகுப்பில் சொல்லித்தருவது கட்டிலிலிருந்து சக்கர நாற்காலி, நாற்காலியிலிருந்து கழிப்பறை. குளியல்தொட்டிக்குள் இறங்கும் பெஞ்சுக்குக்கூடப் படம் இருக்கிறது. கையைத் தாங்கும் பிளாஸ்டிக் ஸ்பிளின்டைக் காருக்குள் விடாதீர்கள், சூட்டில் வளைந்துவிடும் என்று இருக்கிறது. தாமிரபரணிக்கரை ஊர்களில் யார் வீட்டில் குளியல்தொட்டி இருக்கிறது? ஸ்பிளின்ட் இங்கே வளைவது சித்திரை வெயிலில் ஜன்னல் திண்டில் கிடந்துதான். தரையிலிருந்து எழுவதற்குப் பாடம் இருக்க வேண்டிய இடத்தில் அரைப் பக்கம்தான் இருக்கிறது. நல்ல கையை ஊன்றி நல்ல பக்கமாக ஒருக்களித்து, மண்டியிட்டு, முன்னால் ஒரு முக்காலி போட்டு, நல்ல காலை முன்னால் ஊன்றி எழுவது. இதைப் பிள்ளைகள் நோயாளி வீடுகளுக்குப் போய்த்தான் கற்றுக்கொள்கிறார்கள். சேலையும் அப்படியே. ஒரு கையால் கொசுவம் வைக்க முடியாது. கொசுவத்தை முன்கூட்டியே தைத்து வெல்க்ரோ வைத்துக் கொடுப்பது நம்மூர்த் தையல்காரர்கள் கண்டுபிடித்த வழி. நைட்டிக்கு மட்டும் புத்தக விதி அப்படியே பொருந்தும்: போடும்போது முடியாத கை முதலில், கழற்றும்போது கடைசியில்.

காரணங்களுக்கே திரும்புகிறேன். சோறு பிசைவதும் அதே மூன்று விரல் பிடிதானே, அதில் ஆபத்து எதுவும் இல்லையே, பீடி எதற்கு என்றும் கேட்டுக்கொண்டேன். இதுதான் என்னுடைய வலுவான வாதம். அதில் ஓர் ஓட்டை இருக்கிறது. ஆச்சி அதற்குள் இடது கையில் கரண்டி பிடித்துச் சாப்பிடப் பழகிவிட்டார். யார் பார்த்தாலும் அவருக்குக் கூச்சம் இல்லை. வலது கையால் சாப்பிட வேண்டும் என்பது எங்கள் ஆசை, வீட்டாரின் ஆசை.

போர்டைப் பற்றி ஆச்சி சொன்னதற்கு வருகிறேன். ஆக்குபேஷனல் தெரபி என்பதைத் தமிழில் தொழில்வழி சிகிச்சை என்கிறோம். சுருக்கி ஓ.டி. என்றால் கூட வந்தவர்கள் ஆபரேஷன் தியேட்டர் என்று நினைத்து அழத் தொடங்குகிறார்கள், அது தனித் தலைவலி. மாணவர்களுக்கு முதல் நாளே சொல்வோம்: இங்கே தொழில் என்றால் பிழைப்பு மட்டும் இல்லை. குளிப்பது, உடுத்துவது, சமைப்பது, கோயிலுக்குப் போவது, பேரப்பிள்ளைக்குத் தலை வாரிவிடுவது என்று ஒருவரின் நாளை நிரப்புகிற எல்லாமே தொழில்தான். இந்த விளக்கம் எனக்கு மனப்பாடம். ஆச்சியிடமும் சொன்னேன். எல்லாம் அடங்கும் என்று விரித்துக்கொண்டே போய், அந்தச் சொல்லுக்கு ஊரில் உள்ள முதல் பொருளை வெளியே தள்ளிவிட்டோம் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. ஆச்சி அந்தச் சொல்லை நேராகப் படித்தார்.

இந்தத் துறை தொடங்கியதே அப்படித்தான். 1917இல் அமெரிக்காவில் இதற்கான சங்கம் உருவானபோது சிகிச்சை என்றால் கூடை முடைவது, தறி நெய்வது, மர வேலை. குச்சிப்பலகையும் விநாடிக் கணக்கும் பிறகு வந்தவை. இந்தியாவில் 1950இல் கமலா நிம்ப்கர் பம்பாயில் இதற்கான பள்ளியைத் தொடங்கியபோதும் கைவேலைதான் நடுவில் இருந்தது. பத்தமடையிலிருந்து கோரைப்பாய் நெய்கிறவர் வந்திருந்தால் தறியைக் கொண்டுவரச் சொல்லியிருப்பேனோ? சொல்லியிருப்பேன் என்றுதான் தோன்றுகிறது. பாய் நெய்வதைப் படம் எடுத்துக் கல்லூரி மலரிலும் போட்டிருப்போம். பீடி என்பதால்தான் தயங்கினேன். அது நோயாளியின் உடல்நலம் கருதி வந்த தயக்கமா, படத்துக்கு ஆகாத தொழில் என்று வந்த தயக்கமா என்பதை எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அடுத்த திங்கட்கிழமை ஆச்சி வரவில்லை. மூன்றாம் வாரத்தோடு நின்றுவிடுகிறவர்கள் அதிகம். இரண்டு பஸ் மாறி வர வேண்டும், கூட ஒரு ஆள் வேண்டும், அந்த ஆளின் அன்றைய கூலி போகும். அவர் நின்றதற்கு நான் சொன்ன இரண்டு சொல் காரணமென்று நினைப்பது என்னைப் பெரிதாக்கிக்கொள்வது. காரணமே இல்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை.

அந்த மாத முடிவில் செயல் பகுப்பாய்வு நோட்டுகள் வந்தன. ஒரு செயலை எடுத்துச் சிறு சிறு படிகளாக உடைத்து, ஒவ்வொரு படிக்கும் எந்த மூட்டு, எந்தப் பிடி, எவ்வளவு பலம், எந்தப் புலன், என்ன ஆபத்து, எப்படி எளிதாக்குவது என்று கட்டம் கட்டி நிரப்ப வேண்டும். உதவியாளர் பயிற்சியில் உருப்படியான பயிற்சி எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். பெரும்பாலான பிள்ளைகள் பல் விளக்குவது, காபி போடுவது என்று எழுதியிருந்தார்கள். அவள் பீடி சுற்றுவதை எழுதியிருந்தாள்.

பதினான்கு படி. இலையை நனைத்து ஈரத்துணியில் சுற்றி வைப்பதில் தொடங்கியிருந்தாள். அளவுத் தகட்டை இலைமேல் வைத்துக் கத்தரிப்பதில் இடது கை அழுத்திப் பிடிக்கும், வலது கை வெட்டும். தடித்த நரம்பைச் சீவுவது. நறுக்கிய இலையை இடது உள்ளங்கையில் விரித்து, வலது கையின் மூன்று விரல் நுனியால் தூளை எடுப்பது. அந்த இடத்தில் "ஒரு கிராமில் ஐந்தில் ஒரு பங்கு இருக்கும், அம்மை பார்க்காமலே எடுக்கும்" என்று ஓரத்தில் எழுதியிருந்தாள். பிறகு உருட்டுவது. கட்டைவிரல் முன்னே தள்ளும், ஆள்காட்டி விரல் பின்னே இழுக்கும், நடுவிரல் கீழே தாங்கும். ஒரு முனை ஒடுங்கி மறுமுனை அகல வேண்டும் என்பதால் இரண்டு கையும் ஒரே அழுத்தம் கொடுக்கக்கூடாது. பீடியின் வாயை நகத்தால் மடக்கி, நூலைச் சுற்றி இழுப்பது. எண்ணிக் கட்டுவது.

குச்சிப்பலகையில் ஓர் அமர்வுக்கு எனக்குக் கிடைப்பது முப்பது நாற்பது பிடி, எல்லாம் ஒரே வகை. இங்கே ஒரு பீடியிலேயே நுனிப்பிடி, மூவிரல் பிடி, விரலுக்குள் சுழற்றுவது, உள்ளங்கையிலிருந்து விரல்நுனிக்கு நகர்த்துவது என்று நான்கு வகை வந்துவிடுகிறது. நாளைக்கு ஆயிரம் சுற்றிய கை அது. ஐம்பது இலை உருட்டச் சொல்லியிருந்தால், தோள் காதை நோக்கி ஏறுகிறதா, உடம்பு இடதுபுறம் சாய்கிறதா என்று பார்த்து, ஏறினால் நிறுத்தினால் போதும்.

எளிதாக்கும் கட்டத்தில் என் காரணங்கள் ஒவ்வொன்றுக்கும் அவள் பதில் வைத்திருந்தாள், நான் அவற்றை அவளிடம் சொன்னதே கிடையாது. தரைக்குப் பதில் கை வைத்த நாற்காலி, மடிக்குப் பதில் மேசைமேல் சுளவு, வலது முழங்கைக்குக் கீழே மடித்த துண்டு. தூள் வரிசையில்: "புகையிலை வேண்டாம். ரவை போட்டுப் பார்த்தேன், வழுக்கி ஓடுகிறது. காய்ந்த முருங்கையிலைத் தூள் நிற்கிறது."

போட்டுப் பார்த்திருக்கிறாள். எந்த நாளில் என்று எழுதவில்லை.

கத்தரிக்கோல் படியில் ஆபத்துக் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தாள். தொடுவுணர்ச்சி குறைந்த கைக்கு அது முக்கியமான கட்டம். இலையை நாம் நறுக்கிக் கொடுக்க வேண்டும் என்று எழுதியிருக்க வேண்டும். அதற்கு இரண்டு மதிப்பெண் குறைத்து 8 போட்டேன். அது சரியான மதிப்பெண். அடித்த வரி இருந்த சோப் நோட்டு கோப்பில் போய்விட்டது. கோப்பில் போனதைத் திருத்த வேண்டுமென்றால் ஒற்றைக் கோடு போட்டு, தேதி எழுதி, கையெழுத்திட்டு, காரணமும் எழுத வேண்டும்.