கேட் கணினி அறிவியல்: தற்சுழற்சியைத் தாளில் எழுதித்தான் தீர்க்க வேண்டும்

கேட் என்னும் பொறியியல் முதுநிலை நுழைவுத்தேர்வின் முடிவு வந்த சூட்டோடு இதை எழுதுகிறேன். மதிப்பெண் நான் அஞ்சியதைவிட நன்றாகவே வந்திருக்கிறது. தாளின் அமைப்பு உங்களுக்குத் தெரிந்ததுதான் என்பதால், என்னைக் கரைசேர்த்த தற்சுழற்சிக்கும் (ஒரு ஃபங்ஷன் தன்னையே அழைப்பது, அதாவது ரிகர்ஷன்) வரிசையாக்கத்துக்கும் (சார்ட்டிங்) நேரே வருகிறேன்.

தற்சுழற்சியில் மனக்கணக்கு அறவே கூடாது. ஒவ்வோர் அழைப்புக்கும் ஒரு வரி ஒதுக்கி, உள்ளே போன மதிப்பையும் திரும்பி வந்த மதிப்பையும் எழுதுங்கள். எல்லா அழைப்புகளுக்கும் பொதுவாக ஒரே மதிப்பை வைத்திருக்கும் ஸ்டாடிக் மாறி இருந்தால் அதற்கு மட்டும் ஓரத்தில் தனிக்கட்டம் போட்டு, மதிப்பு மாறும்போதெல்லாம் பழையதை அடித்துவிட வேண்டும். எடுத்துக்காட்டாக, ஆர் என்ற ஸ்டாடிக் மாறி 0-இல் தொடங்குகிறது. எஃப்(என்) என்ற ஃபங்ஷன், என் 0 ஆனால் ஆரின் மதிப்பைத் திருப்பி அனுப்பும். இல்லையேல் ஆருடன் என்-இன் மதிப்பைக் கூட்டி, எஃப்(என்–1)-ஐ அழைத்து முடித்த பிறகு, வந்த விடையோடு அப்போதைய ஆரைச் சேர்த்து அனுப்பும். எஃப்(3) என்ன? இறங்கும்போது ஆர் 3, 5, 6 என வளர்கிறது. ஏறும்போதோ எல்லா அழைப்புகளுக்கும் கண்ணில் படுவது 6 மட்டுமே. ஆகவே 6, 12, 18, 24. அடித்திருக்க வேண்டிய 5-ஐயும் 3-ஐயும் கூட்டுபவருக்கு 20 வரும். கொள்குறி வினாவானால் அந்த 20-உம் ஒரு தெரிவாகக் காத்திருக்கக்கூடும்.

வரிசையாக்க நிரல்களை மனப்பாடம் செய்வதில் எனக்கு நம்பிக்கையில்லை. தேர்வில் கேட்பது அவற்றின் நடத்தையை. இன்செர்ஷன் சார்ட்டில் அண்டை உறுப்புகளை எத்தனை முறை இடம் மாற்ற வேண்டும் என்றால், வரிசை தவறி நிற்கும் (பெரியது முன்னும் சிறியது பின்னுமான) இணைகள் எத்தனையோ அத்தனை முறை. 5, 3, 4, 1, 2 என்ற பட்டியலுக்கு அது 8. ஓட்டிப் பார்க்கவே வேண்டாம். இவற்றையும் கையோடு வைத்துக்கொள்ளுங்கள்:

– செலக்ஷன் சார்ட்: உறுப்புகள் என் எண்ணிக்கையானால், இடமாற்றம் என்–1-ஐத் தாண்டாது.
– எம், என் நீளமுள்ள இரு வரிசைப்பட்டியல்களை மெர்ஜ் செய்ய, அதிகபட்சம் எம்+என்–1 ஒப்பீடுகள்.
– முதல் உறுப்பே பிவட் (பட்டியலைப் பிரிக்கும் உறுப்பு) என்றால், ஏற்கெனவே வரிசையாக உள்ள பட்டியலே குயிக் சார்ட்டுக்குப் பகை, நேரம் என்-வர்க்கமாகிவிடும்.

எண்ணை நாமே உள்ளிடும் வினாக்களுக்கு எதிர்மதிப்பெண் இல்லை என்பதால் அவற்றைக் கடைசிக்குத் தள்ளுபவர்கள் உண்டு. நிதானக்காரனான எனக்கு அது ஒத்துவராது. ஒத்துப்பார்க்கத் தெரிவுகளும் இல்லாத அவ்வினாக்களில் ஒரு வரி பிசகினாலும் விடை போய்விடும் என்பதால், தலை தெளிவாக இருக்கும் முதல் ஒரு மணி நேரத்திலேயே அவற்றை முடித்துவிட்டு, ஆப்டிடியூட் பகுதியை அதன் பிறகே தொட்டேன்.