ஸ்டே வாங்கப் போகும் முன் தீர்வை ரசீதைத் தேடுங்கள்

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் கையாலை என்கிற எல்லைச் சுவர்த் தகராறும் வழித்தகராறும் இல்லாத ஊர் கிடையாது. சண்டை முற்றினால் உடனே "கோர்ட்டுல ஒரு ஸ்டே வாங்கிரு" என்பார்கள். சரி, ஸ்டே என்கிற தடையாணையை வாங்கலாம். ஆனால் தடையாணை வழக்கில் முதலில் பார்ப்பது, வழக்குப் போட்ட அன்று இடம் யார் அனுபவத்தில், அதாவது யார் கைவசத்தில், இருந்தது என்பதைத்தான். இது தெரியாமல் பத்திரத்தை மட்டும் தூக்கிக்கொண்டு குழித்துறை கோர்ட்டுக்கும் பத்மநாபபுரம் கோர்ட்டுக்கும் அலைகிறவர்களைப் பார்த்தால் வேதனையாக இருக்கிறது.

விளவங்கோடு பக்கம் எங்கள் சித்தப்பாவின் ரப்பர் புரயிடத்தில் (தோட்டத்தில்) பக்கத்துக்காரர் கையாலையை இடித்து உள்ளே தள்ளிக் கட்ட வந்தார். கையில் இருந்தது திருவிதாங்கூர் காலத்து மலையாளப் பத்திரம், அதிலுள்ள சர்வே எண்ணுக்கும் இப்போதைய பட்டாவுக்கும் சம்பந்தமே இல்லை. கடைசியில் கைகொடுத்தது வருஷா வருஷம் தீர்வை (நிலவரி) கட்டிய ரசீதும், பால்வெட்டுகாரருக்குக் கூலி கொடுத்த நோட்டும், ரப்பர் ஷீட் விற்ற கடைச் சீட்டுகளும். எல்லாவற்றையும் சித்தி ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்த்து வைத்திருந்தார், சில சீட்டுகளில் ரப்பர் பால் கறைகூட இருந்தது.

கோர்ட் அனுப்பும் வக்கீல் கமிஷனர் வந்து பார்த்தால் போதும் என்றும் நினைக்காதீர்கள். இடிந்த கையாலையையும் நிற்கிற மரத்தையும் அவர் குறித்துக்கொள்வார், அனுபவத்தை நாம்தான் நிரூபிக்க வேண்டும். அப்புறம், எதிர்த்தரப்பு நம் உரிமையையே பலமாக மறுத்தால் வெறும் தடையாணை கேட்டால் போதாது, இடம் நமக்கே உரியது என்று கோர்ட் அறிவிக்கும் உரிமை விளம்புகையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்று 2008இல் அனதுலா சுதாகர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. இதை முதலிலேயே வக்கீலிடம் கேட்டுவிடுங்கள், வருஷக்கணக்கில் நடத்திவிட்டு இந்த ஒரு காரணத்தால் வழக்கு தள்ளுபடியானால் யாருக்குத்தான் தாங்கும்?

தடையாணை கிடைத்த பிறகும் மீறி உள்ளே வந்தால், உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 39 விதி 2Aஇன் கீழ் மனுப் போடலாம். சொத்து ஜப்தியும் 3 மாதம் வரை சிவில் சிறையும் அதில் உண்டு.

தடையாணைக்கு முன்பே ஆளை வெளியேற்றிவிட்டார்களா? குறிப்பிட்ட பரிகாரச் சட்டம் பிரிவு 6இன்படி, உரிமையை நிரூபிக்காமலேயே அனுபவத்தைத் திரும்பக் கேட்கலாம், அரசாங்கத்துக்கு எதிராக மட்டும் முடியாது. ஆனால் 6 மாதத்துக்குள் போட வேண்டும். ஊர்க்காரர்கள் பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்து அந்தக் கெடுவை விட்டுவிடாதீர்கள், பேச்சு ஒரு பக்கம் நடக்கட்டும், வழக்கைப் போட்டுவிடுங்கள்.