"லூசாடா நீ"க்கு வார்னிங் குடுக்கலாமா?

போன மாசம் எங்க குரூப்ல ஒரு ரிப்போர்ட் வந்துச்சு. சின்ன ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்ட், அதாவது யார் வேணா கோடு எழுதி அனுப்பலாம், அதோட சாட்ல நான் மாடரேட்டர், சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் தவறாம கிடைக்கும். மதுரைக்காரப் பசங்க ரெண்டு பேர் பேசிட்டு இருந்தப்போ ஒருத்தன் இன்னொருத்தன "லூசாடா நீ, டெஸ்ட் ஓட்டாமலே மெர்ஜ் பண்ணிருக்க"ன்னு கேட்டுட்டான், சரியா ஓடுதான்னு பாக்காமலே புதுக் கோடை மெயின் கோடோட சேத்துட்டான்னு கோபம். அதை ஒரு ஜெர்மன்காரர் ட்ரான்ஸ்லேட் போட்டுப் பாத்துட்டு, மனநிலையை வச்சு ஒருத்தர அவமானப்படுத்துறாங்க, ரூல்படி வார்னிங் குடுங்கன்னு எழுதிட்டார்.

எனக்கு சிரிப்புதான் வந்துச்சு. நம்மூர்ல லூசுன்னா பாதி செல்லம்தானே. ஆனா இதே ஜெர்மன்காரர் ரெண்டு வாரம் முன்னாடி ஒரு காலேஜ் பையனோட கோடுக்குக் கீழ "இது தப்பு, திரும்ப எழுதணும்"னு ஒத்த வரி போட்டுட்டுப் போனார், ஒரு வணக்கம் இல்ல, நன்றி இல்ல. அவர் பழக்கத்துல அது நேர்மை, சுத்தி வளைக்காம சொல்றது. பையன் அதுக்கப்புறம் வரவே இல்ல. அதுக்கு எந்த ரூல்ல வார்னிங் குடுக்குறது?

இதுல எனக்கு எப்பவும் லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்தோட மையமான கெர்னலை எழுதுறவங்க கதை ஞாபகம் வந்துரும். அதை ஆரம்பிச்ச லினஸ் டோர்வால்ட்ஸ், பின்லாந்துல பொறந்தவர், மெயில்ல திட்டுறதுல பேர் போனவர். 2013ல ஒரு டெவலப்பர் இப்படித் திட்டாதீங்கன்னு எல்லார் முன்னாடியும் கேட்டப்போ, நான் வீட்ல பாத்ரோப்ல உக்காந்து வேலை பாக்குறவன், டையும் கட்ட மாட்டேன், ஆபீஸ்ல காட்டுற போலி மரியாதையும் எனக்கு வேணாம்ங்கிற மாதிரி பதில் சொன்னார். 2015ல "கோட் ஆஃப் கான்ஃப்ளிக்ட்"னு எப்படிப் பழகணும்னு சொல்ற ரூல் குட்டியா ஒண்ணு வந்துச்சு, பெருசா ஒண்ணும் மாறல. 2018 செப்டம்பர்ல அவரே மன்னிப்பு கேட்டு, கொஞ்ச நாள் ஒதுங்கி, புது வெர்ஷன் ரிலீஸ் பண்ற வேலைய இன்னொரு கெர்னல் டெவலப்பர் கிரெக் க்ரோ-ஹார்ட்மேன் கிட்ட குடுத்துட்டுப் போனார். அதே நேரத்துல பழசைத் தூக்கிட்டு வேற நிறைய ப்ராஜெக்ட்ல இருக்கிற கான்ட்ரிபியூட்டர் கவனன்ட்ங்கிற நடத்தை விதிகளை வச்சுப் புது ரூலும் போட்டாங்க.

ரூல் எழுதுறது ஈஸி சார், அமல்படுத்துறதுலதான் தாவு தீருது. 2024ல, ஃபைல்களை டிஸ்க்ல சேமிக்கிற பிகேஷ்எஃப்எஸ்ங்கிற லினக்ஸ் ஃபைல் சிஸ்டத்தை எழுதுற கென்ட் ஓவர்ஸ்ட்ரீட் இன்னொரு டெவலப்பரை மெயில்ல கண்டபடி திட்டினதுக்கு, திட்டினது பப்ளிக்ல, அதனால மன்னிப்பும் பப்ளிக்ல கேக்கணும்னு அந்த ரூலைப் பாத்துக்குற கெர்னல் கமிட்டி சொல்லிச்சு. அவர் கேக்கல, கெர்னலோட 6.13 வெர்ஷனுக்கு அவர் கோடை வாங்க மாட்டோம்னுட்டாங்க. கமிட்டி செஞ்சது சரின்னுதான் நான் நினைக்கிறேன். ஆனா இந்த "எல்லார் முன்னாடியும் ஸாரி" நம்ம பசங்ககிட்ட செல்லுமா? நம்மாளு ரெண்டு நாள் மூஞ்சியத் தூக்கி வச்சுட்டு, மூணாவது நாள் "டீ சாப்ட வர்றியா"ம்பான், அதுதான் ஸாரி, அத ஸ்க்ரீன்ஷாட் எடுத்து கமிட்டிக்கு அனுப்ப முடியுமா?

சரி, ரிப்போர்ட்டை தள்ளுபடி பண்ணிரலாம்னு இருந்தேன். அன்னைக்கு ராத்திரி யாழ்ப்பாணத்துல இருந்து எங்க குரூப்ல இருக்கிற ஒரு பொண்ணு தனியா மெசேஜ் போட்டுச்சு. "அண்ணா, எங்கட பக்கம் தெரியாத ஆக்களோட நீங்கள் எண்டுதான் கதைப்பம். இந்த டா போட்டுக் கதைக்கிறதைப் பாத்துத்தான் நான் அங்க ஒண்டும் எழுதுறேல்ல."

சிரிப்பு போச்சு. நான் என்னமோ ஜெர்மனிக்கும் தமிழுக்கும் நடுவுல பஞ்சாயத்துன்னு நினைச்சுட்டு இருந்தேன்.

வார்னிங் குடுக்கல. ஜெர்மன்காரர்கிட்ட, அடுத்தவங்க கோடைப் பாத்து ரிவ்யூ எழுதும்போது "தப்பு"க்கு முன்னாடி இதமா ஒரு வரி சேத்துக்கோங்கன்னேன். எந்த வரின்னு கேட்டார், நிஜமாவே தெரியாமதான் கேட்டார். மதுரைப் பையன்கிட்ட, பொது சானல்ல டா வேணாம், வாங்க போங்கன்னு பேசுன்னு சொன்னேன். "சரிண்ணே"ன்னான்.

மறுநாள் காலைல சானலைத் திறந்தா, "லூசாங்க நீங்க, டெஸ்ட் ஓட்டுங்க."